இரண்டு மாதத்துக்கு ஒரு வீடு

அடையாறு காந்தி நகர், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், கோட்டூர் பகுதிகளில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கும், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும்,



வீடு காலியானதும் நாம் கேட்டில் அட்டை தொங்கவிடுகிறோம். அதைப் பார்த்து வந்து நிற்கிறவர்களில் ஒரு வகையினரை நீங்கள் எல்லோருமே பார்த்திருப்பீர்கள். ஊரிலிருந்து நேராக வந்திருப்பார்கள். ஒருவர் கையில் பெரிய ஸ்கேன் கவர் இருக்கும். பேசுகிறவர் மகனாகவோ மருமகனாகவோ இருப்பார். நோயாளி சற்றுத் தள்ளி, ஆட்டோவிலோ எதிர் வீட்டு நிழலிலோ உட்கார்ந்திருப்பார். வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, "ரெண்டு மாசத்துக்குக் கிடைக்குங்களா?" என்று கேட்பார்கள். பதினொரு மாதத்துக்குக் குறைவாக விடுவதில்லை என்று சொல்லி நாம் அனுப்பிவிடுவோம். அவர்களும் மறுபேச்சுப் பேசாமல் அடுத்த கேட்டுக்குப் போவார்கள்.

அவர்களுக்கு வீடு கொடுங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருத்திதான். கஸ்தூர்பா நகரில் எங்கள் வீட்டின் பின் போர்ஷனைச் சில ஆண்டுகளாக இப்படி வருகிற குடும்பங்களுக்கு மட்டுமே விடுகிறேன். அதனால் உங்கள் தயக்கங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. அவற்றில் நியாயமானவையும் உண்டு.

அவர்கள் ஏன் நம் தெருவுக்கு வருகிறார்கள் என்பது நமக்குப் புதிதல்ல. கால்வாய்க் கரையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அது பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் முத்துலட்சுமி ரெட்டி. 1930-இல் தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமிகள் இடம் தேடி வந்தபோது, தம் வீட்டிலேயே தங்கவைத்து அவ்வை இல்லத்தைத் தொடங்கியவரும் அவர்தான். 1955-இல் அந்த மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டு விலகவில்லை. இப்போது சர்தார் படேல் சாலையிலும் அதற்கு ஒரு வளாகம் இருக்கிறது. ராமநாதபுரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும், நெல்லூர், சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் மக்கள் வருகிறார்கள். இந்த மருத்துவமனை நம் பகுதியில் இருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அங்கே வருகிறவர்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று நம் சங்கக் கூட்டங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

புற்றுநோய்ச் சிகிச்சையில் பெரும்பகுதி படுக்கையில் சேர்த்து நடப்பதில்லை. ஊர்ப்பக்கத்தில் 'கரண்டு வைக்கிறது' என்று சொல்கிற கதிர்வீச்சுச் சிகிச்சை திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் நடக்கும். வாய், தொண்டைப் புற்றுநோய் என்றால் ஆறேழு வாரம். கருப்பைவாய் என்றால் ஐந்து வாரமும் அதற்குப் பிறகு உள்கதிரும். மார்பகம் என்றால் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வாரம். மெஷினுக்கு அடியில் படுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான். அது முடிந்ததும் போகலாம் என்று சொல்லிவிடுவார்கள். மறுநாள் காலையில் மறுபடி வர வேண்டும். நடுவில் நாள்கணக்கில் விடக் கூடாது. விட்டால் சிகிச்சையின் பலன் குறையும். கீமோ என்றால் பல மருந்துகளுக்கு 21 நாள் சுற்று. மருந்து ஏற்றிய பத்து நாளில் வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும். அப்போது ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சல் அடித்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து அப்படி வர முடியாது.

சிகிச்சைச் செலவுக்கு இன்று ஓரளவு வழி இருக்கிறது. 2009-இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டம் இப்போது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்குகிறது. சிகிச்சைக்கு வரும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே கிடையாது. துணைக்கு வருகிறவர் கால் பங்கு கொடுத்தால் போதும். மருந்துக்கும் பயணத்துக்கும் அரசாங்கம் கை கொடுக்கிறது. மீதி இருப்பது இந்த ஊரில் நாற்பது, ஐம்பது இரவுகள் தங்குகிற செலவு. அதற்குக் காப்பீட்டில் இடமில்லை. அந்தச் செலவு எவ்வளவு ஆகும் என்பது உங்கள் கையிலும் என் கையிலும்தான் இருக்கிறது.

லாட்ஜில் நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நாற்பத்தைந்து நாளுக்கு 45,000 ஆகிவிடும். அதில் சமைக்க முடியாது. சமைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. வாய்க்கோ தொண்டைக்கோ கரண்டு வைக்கிறவருக்கு மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகும். எச்சில் சுரப்பது குறையும். மிளகாய், புளி, சூடு எதுவும் ஆகாது. ஹோட்டல் இட்லியைச் சாம்பாரில் தோய்த்துக்கூட விழுங்க முடியாது. சாதத்தைக் குழைய வடித்து, பருப்போடும் நெய்யோடும் மிக்ஸியில் அடித்து, ஆறவைத்து, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். சிலருக்கு மூக்கு வழியே குழாய் போட்டிருப்பார்கள். கஞ்சியை வடிகட்டி இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். எடை குறைந்துகொண்டே போனால் சிகிச்சையை இடையில் நிறுத்தவேண்டிய நிலை வரலாம். கீமோ எடுப்பவருக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு வந்தால் அதுவே ஆபத்து. ஆக, ஒரு அடுப்பும் ஒரு மிக்ஸியும் கொதிக்கவைத்த தண்ணீரும் அந்தச் சிகிச்சையின் பாதி. ஒற்றை அறை, அதில் ஒரு அடுப்படி, தனிக் கழிப்பறை: இவ்வளவு இருந்தால் ஒரு மனைவி தன் கணவரை அந்த ஏழு வாரத்தைக் கடக்கவைத்து ஊருக்கு அழைத்துப் போய்விடுவார். எங்கள் பின் போர்ஷனில் அப்படி அழைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

வீடு கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். தாம்பரத்துக்கு அப்பால் இருக்கும் உறவினர் வீட்டில் தங்கி, வெந்துபோன கழுத்தோடு தினமும் பஸ்ஸில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். துணைக்கு வந்தவர் மருத்துவமனைச் சுவரோரம் போர்வை விரித்துப் படுக்கிறார். சிலர் சிகிச்சையையே பாதியில் விட்டுப் போய்விடுகிறார்கள். முடியாமல் போவதற்குப் பணம் ஒரு காரணம் என்றால், கேட்டு கேட்டாக ஏறி இறங்கிச் சலித்துப்போவது இன்னொரு காரணம்.

இனி நம் தயக்கங்களைப் பார்ப்போம்.

நோய் தொற்றிக்கொள்ளுமோ என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. ஒரு வீட்டு வாசலில் எல்லாம் பேசி முடித்து, அட்வான்ஸ் கையில் வாங்கப்போகும் நேரத்தில், என்ன வியாதி என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியதை எதிரிலிருந்தே பார்த்தேன். அந்தப் பெண்மணி கெட்டவர் இல்லை, அவருக்குப் பயம். புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராது. வெளியிலிருந்து கதிர்வீச்சு பெற்றவர் உடம்பில் கதிர் தங்குவதும் கிடையாது. மெஷினை நிறுத்திய நொடியே அது முடிந்துவிடுகிறது. அவர் மடியில் நம் வீட்டுக் குழந்தை உட்காரலாம். தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின் மருந்து கொடுப்பதுபோன்ற சில சிகிச்சைகளில்தான் சில நாள் எச்சரிக்கை தேவை. அப்போது மருத்துவமனையே தனி அறையில் வைத்திருந்து, உரிய அறிவுரையோடுதான் வெளியே அனுப்பும். உண்மையில் கவனமாக இருக்க வேண்டியவர்கள் நாம்தான். கீமோ எடுப்பவருக்கு நம் வீட்டுச் சளியும் காய்ச்சலும் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் சாவு விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று வெளியே சொல்லாமல் மனசுக்குள் கேட்டுக்கொள்கிறோம். இதை மழுப்பாமல் பேச வேண்டும். தங்கி, நடந்துபோய்ச் சிகிச்சை எடுத்துவருகிறவர்களில் பெரும்பாலோர் அதே காலோடு ஊருக்குத் திரும்புகிறவர்கள். நிலைமை மோசமானால் மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வார்கள். இருந்தாலும் நடக்கவே நடக்காது என்று நான் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் நம் மாமனார், மாமியார், பெற்றோர் எல்லாம் இந்த வீடுகளில்தானே கண்ணை மூடினார்கள்? அந்த அறைகளில்தான் இன்று பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். நம் வீட்டுச் சாவுக்குப் பதினாறாம் நாளோடு தீட்டு கழிந்துவிடுகிறது என்றால், ஊர்விட்டு ஊர் வந்து நம்மை நம்பித் தங்கிய ஒருவரின் சாவுக்கு மட்டும் ஏன் ஆயுள் முழுக்க அஞ்ச வேண்டும்?

காலி செய்ய மாட்டார்களோ என்ற சந்தேகத்துக்கு என் அனுபவத்தில் கொஞ்சமும் இடமில்லை. கடைசிக் கரண்டு வைத்த அன்றே பை கட்டுகிறவர்கள் அவர்கள். ஆடு மாடு, அறுவடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. புதிய சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் அதைப் பதிய வேண்டும். கெடு முடிந்தும் இருப்பவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. பதினொரு மாதம் என்பதை ஏதோ சட்டம் போலப் பேசுகிறோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதைத் தவிர்ப்பதற்காக வந்த பழக்கம்தான் அது. இரண்டு மாதத்துக்கு எழுதக் கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும் என்பதில்தான் இந்தக் குடும்பங்களுக்கு நாம் செய்யும் நியாயமும் அநியாயமும் இருக்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டே பழகிவிட்டோம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இரண்டு மாதம் தங்குகிறவரிடம் ஒரு மாத அட்வான்ஸே போதும். அதையும் அவர் சாவியைக் கொடுக்கும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். ஊருக்குப் போனவர் அந்தப் பணத்துக்காக மறுபடி ரயில் ஏற முடியாது. சுண்ணாம்பு அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கிற வழக்கம் இவர்கள் விஷயத்தில் வேண்டவே வேண்டாம். இரண்டு மாதத்தில் எந்தச் சுவரும் அழுக்காவதில்லை.

வாடகையை மாதக் கணக்கில் பேசுங்கள், கடைசிப் பகுதியை நாள் கணக்கில் வாங்குங்கள். வாய்ப்புண்ணாலோ அணுக்கள் குறைந்தாலோ சிகிச்சை பத்து நாள் தள்ளிப்போகும். சிலருக்கு மருத்துவர் திட்டத்தையே மாற்றி முன்னதாக அனுப்பிவிடுவார். இரண்டுக்கும் இடம் வைத்து எழுதினால் பிறகு மனக்கசப்பு வராது. கரண்டு பில்லும் அப்படியே. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரு தொகை என்று வசூலிக்கிறவர்கள், வந்த அன்றும் போகிற அன்றும் அவர்களையே கூட வைத்துக்கொண்டு ரீடிங் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை அவர்களுக்கும் சேர வேண்டியது. அடையாள அட்டையின் நகலை வாங்கிக் காவல் நிலையத்தில் விவரம் கொடுப்பது நம் பாதுகாப்புக்கு நல்லது. வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாகத் தெரிவித்தாக வேண்டும்.

புரோக்கர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினொரு மாதத்துக்கு ஒரு மாத வாடகை கமிஷன் என்பது ஊர் வழக்கம். இரண்டு மாதத்துக்கு வருகிறவரிடமும் அதே ஒரு மாதத்தை வாங்குகிறார்கள். இரண்டு மாதத்துக்கு மூன்று மாத வாடகை கொடுத்த குடும்பம் எனக்குத் தெரியும். மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். வீடு காலியாகும் தேதியை நாம் நேரே அவர்களிடம் சொல்லி வைத்தால் நடுவில் ஆள் தேவையில்லை.

சங்க நிர்வாகிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. நாள் வாடகைக்கு ஃபிளாட்டை விடுவதால், வாரக் கடைசியில் முகம் தெரியாதவர்கள் வந்து கூத்தடிக்கிறார்கள் என்ற உங்கள் புகார் நியாயமானது. லிஃப்டில் யார் போகிறார்கள் வருகிறார்கள் என்று தெரியாமல் வாழ்வது கஷ்டம்தான். அதற்காகச் சில சங்கங்கள் ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவே கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கின்றன. அந்தத் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: மருத்துவமனைச் சீட்டும் எழுத்து ஒப்பந்தமும் இருந்தால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தங்கலுக்கு அனுமதி உண்டு என்று. இரண்டு மாதம் ஒரே குடும்பம் இருக்கும், பெயரும் ஊரும் தெரியும், இரவு எட்டு மணிக்கெல்லாம் விளக்கு அணைந்துவிடும். வீடு மாறி வரும்போதும் போகும்போதும் வசூலிக்கிற ஷிஃப்டிங் கட்டணத்தை இவர்களிடம் கேட்காதீர்கள். இரண்டு பையும் ஒரு பாத்திர மூட்டையும்தான் அவர்கள் சாமான். லிஃப்ட் பராமரிப்பு என்றால் அதை வேலை நாள் காலையில் வைத்துக்கொள்ளாமல் சனி, ஞாயிறில் வைக்கலாம். அந்த இரண்டு நாளும் கரண்டு வைப்பது கிடையாது. ராத்திரியில் ஆட்டோ கேட்டுக்குள் வர வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள்.

ஆயிரம் விளக்குப் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். 1983-இல் கிரீம்ஸ் சாலையில் அப்பல்லோ மருத்துவமனை வந்த பிறகு, சுற்றியுள்ள தெருக்களில் வீடுகள் ஒவ்வொன்றாக நோயாளிகளுக்கான தங்குமிடங்களாக மாறின. வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்களுக்காக வங்க எழுத்தில் பெயர்ப்பலகை, ரோகு மீனும் கடுகு எண்ணெயும் விற்கிற கடை, மீன் குழம்புச் சாப்பாடு எல்லாம் அங்கே உண்டு. மொழி தெரியாத ஊருக்கு வந்தவர் தம் ருசியில் ஒரு வாய் சாப்பிட முடிகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே எல்லாமே நாள் கணக்குக்குப் போய்விட்டது. ஒரு வீட்டை அட்டைத் தடுப்பு வைத்து நாலு அறையாக்கி, ஜன்னல் இல்லாத அறைக்கும் நாள் வாடகை வாங்குகிறார்கள். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சில மாதமும், எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்கள் ஏறத்தாழ நூறு நாளும் மருத்துவமனைக்கு அருகிலேயே, பூஞ்சையும் தூசியும் இல்லாத சுத்தமான இடத்தில் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அவ்வளவு நாளை நாள் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். வீட்டுக்காரர்கள் ஒதுங்கி நின்றால் அந்த இடத்துக்கு வியாபாரம் வந்துவிடும். நம் பகுதியிலும் அது தொடங்கிவிட்டது.

எனக்கும் வாடகை வேண்டும். இலவசமாகக் கொடுங்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஓய்வூதியத்தோடு வாடகையும் சேர்ந்தால்தான் மாதம் ஓடுகிற வீடுகள் நம் தெருவில் பல உண்டு. நடுவில் பத்துப் பதினைந்து நாள் வீடு பூட்டிக் கிடக்கும் என்பதும் உண்மை. அதற்காக மாத வாடகையில் சிறிது கூட்டிக்கொள்வதில் தவறில்லை. ஒரு கட்டில், மிக்ஸி, மின்அடுப்பு, நாலு பாத்திரம், கொசுவலை, கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி ஆகியவற்றுக்கு ஒருமுறை செலவு செய்தால் பல ஆண்டு உழைக்கும். கேஸ் வேண்டுமென்றால் ஐந்து கிலோ சின்ன சிலிண்டரை அடையாள அட்டை காட்டி வாங்கிக்கொள்ளலாம். தரைத் தளமோ லிஃப்டோ இருக்க வேண்டும். அசைவம் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையை மட்டும் மறுபடி யோசியுங்கள். எடை இழந்துகொண்டிருப்பவருக்கு மருத்துவர் தினம் இரண்டு முட்டை சொல்லியிருப்பார். அதை அவர் ஒளித்து வேகவைக்கும்படி நாம் வைக்கக் கூடாது.

உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்திலோ லிஃப்ட் இருக்கிற கட்டடத்திலோ காலி வீடு வைத்திருக்கிறவர்கள் இந்த ஆண்டு ஒரே ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். நான் பயன்படுத்துகிற ஒப்பந்தத்தின் நகலைக் கேட்கிறவர்களுக்குத் தருகிறேன். முதல் தடவை வருகிற குடும்பத்தோடு பேச நானும் வருகிறேன். கஸ்தூர்பா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, நம் தெரு முனையில் நின்று வழி கேட்கிறவர்களுக்கு எந்த வீட்டைக் காட்டுவது என்று இப்போது எனக்குத் தெரிந்தது இரண்டு மூன்று வீடுகள்தான். உங்கள் வீட்டையும் அதில் சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுங்கள்.

அன்புடன்,
கஸ்தூர்பா நகரிலிருந்து உங்கள் அண்டை வீட்டுக்காரி